கராத்தே டோர்னமென்ட்ல தீர்ப்பு தப்பா போச்சுன்னு தோணுதா? முதல் தடவ போற அப்பா அம்மாவுக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் பக்கத்து மாவட்டத்துல ஒரு ஓபன் டோர்னமென்ட். என் பொண்ணுக்கு அப்போ 12 வயசு, குமித்தே (நேருக்கு நேர் மோதுறது) மூணாவது ரவுண்டு, அவளுக்கு சிவப்பு பெல்ட், எதிராளிக்கு நீலம், ஸ்கோர் 1-1. அவ வயித்துக்கு ஒரு கிக் விட்டா, ரெண்டு சிவப்புக் கொடி மேல போச்சு, ரெஃப்ரி ஆட்டத்த நிறுத்தி சிவப்புப் பக்கம் கைய நீட்டி வசாரின்னு சொல்லிட்டாரு, அதாவது ரெண்டு பாயிண்ட். லேப்டாப்ல உக்காந்திருந்த பையன் அந்த ரெண்டையும் நீலத்துல போட்டுட்டான். அவ்வளவுதான், 3-1ன்னு ஜெயிச்சிருக்க வேண்டியவ 1-3ன்னு தோத்துட்டு வந்தா.

என் வீட்டுக்காரர் கேலரில இருந்து கத்துனாரு, நான் ஓடிப்போய் ரெஃப்ரிய மடக்கி கேட்டேன், ஒரு பத்து நிமிஷம் வாக்குவாதம், அதுக்குள்ள அடுத்த ரெண்டு ஃபைட் முடிஞ்சு போச்சு. கடைசில டேபிள்ல இருந்த சார் சொன்னாரு, "புரொடஸ்ட் டைம் முடிஞ்சுருச்சும்மா, இதுவும் நீங்க வந்து சொல்லக் கூடாது, உங்க மாஸ்டர் தான் வரணும்." புரொடஸ்ட்னா நடந்தது தப்புன்னு முறைப்படி குடுக்குற புகார். எங்க மாஸ்டர் அந்த நேரம் மூணாவது மேட்ல வேற பையனுக்கு உக்காந்திருந்தாரு. என் பொண்ணு ஹெட் கார்ட கழட்டாம சுவத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தா, "அம்மா, எனக்குத்தான குடுத்தாங்க?"ன்னு ஒரே கேள்வி. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

வீட்டுக்கு வந்து உலக கராத்தே ஃபெடரேஷனோட, அதாவது டபிள்யூகேஎஃப்போட குமித்தே ரூல் புக்க டவுன்லோட் பண்ணி (அவங்க சைட்லயே ஃப்ரீயா கிடைக்குது) மாஸ்டர்கிட்ட கேட்டு கேட்டு வரிக்கு வரி படிச்சேன். அப்போ தான் தெரிஞ்சுது, எங்க கேஸ் முழுக்க எங்க பக்கம் நியாயமா இருந்த கேஸ், அத சொல்ல வேண்டிய நிமிஷத்துல சொல்ல வேண்டிய ஆளு சொல்லல, அதனால தான் போச்சு. உங்க புள்ளைக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு தான் இத எழுதுறேன். எல்லாம் டபிள்யூகேஎஃப் ரூல வெச்சு சொல்றேன், நம்ம ஊர்ல பாதி டோர்னமென்ட் அந்த ரூல்ல தான் நடக்குதுன்னு நோட்டீஸ்ல போடுவாங்க, ஆனா அப்படியே நடத்துறாங்களான்னு நீங்க தான் கேட்டுக்கணும், அது ரெண்டாவது படில வரும்.

1. எது தப்பு, எது தீர்ப்புன்னு முதல்ல பிரிச்சுக்கோங்க

இது புரியாம மத்ததெல்லாம் படிச்சு பிரயோஜனம் இல்ல, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

மேட்டுக்குள்ள ஒரு ரெஃப்ரி, நாலு மூலைலயும் கொடியோட நாலு ஜட்ஜ். பாயிண்ட் குடுக்குறது ரெஃப்ரி இல்ல, ஜட்ஜுங்க தான். ஒரே ஆளுக்கு ஒரே பாயிண்ட்ட குறைஞ்சது ரெண்டு ஜட்ஜ் காட்டினா தான் பாயிண்ட். ஒரு கொடி மட்டும் தூக்குனா கிடையாது. கையால குத்துனா, தலைக்கோ உடம்புக்கோ, யூகோ 1 பாயிண்ட். உடம்புக்கு கிக் வசாரி 2. தலைக்கு கிக் போட்டாலோ கீழ விழுந்தவங்கள சரியா அடிச்சாலோ இப்போன் 3. எட்டு பாயிண்ட் வித்தியாசம் வந்துட்டா ஃபைட் அங்கயே முடிஞ்சுரும். கேலரில இருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: ரெஃப்ரி கை கீழ் சாய்வா போனா 1, தோள் உயரத்துக்கு நேரா நீட்டுனா 2, மேல் சாய்வா தூக்குனா 3. இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, ஸ்கிரீன்ல ஏறுன நம்பரோட ஒத்துப் போகுதான்னு நீங்களே பாத்துக்கலாம்.

இப்போ முக்கியமான விஷயம். "என் புள்ள அடிச்சது பட்டுச்சு, கொடி தூக்கல"ங்கறது தீர்ப்பு. அதுக்கு புரொடஸ்ட் கிடையாது. ஜட்ஜுக்கு அப்படி தெரிஞ்சுது, அவ்வளவுதான். பட்டா மட்டும் பாயிண்ட் ஆகாது, ஃபார்ம், வேகம், டைமிங், தூரம், அடிச்ச அப்புறமும் எதிராளி மேல கவனம், ஒழுங்கான நடத்தை, இப்படி ஆறு விஷயம் பாப்பாங்க. ரெஃப்ரி "யமே"ன்னு (நிறுத்துன்னு அர்த்தம்) சொன்ன அப்புறம் அடிச்சது சேராது. கோட்டுக்கு வெளிய நின்னு அடிச்சதும் சேராது. 14 வயசுக்குக் கீழ இருந்தா தலைக்குப் போற அடி எல்லாம் முன்னாடியே நிக்கணும், லேசா பட்டாக்கூட பாயிண்ட்டுக்கு பதிலா வார்னிங் வரும். நிறைய அப்பா அம்மா சண்ட போடுறது இந்த இடத்துல தான், "நல்லா பட்டுச்சே சார்"னு கேப்பாங்க, பட்டது தான் அங்க தப்பே.

பெரியவங்க ஃபைட்லயும் இதே கத தான். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக், ஆண்கள் 75 கிலோவுக்கு மேல ஃபைனல். சவுதி அரேபியாவோட தாரிக் ஹமேதி 4-1ன்னு முன்னாடி இருந்தாரு, அவரு விட்ட ஹை கிக்ல ஈரானோட சஜ்ஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுந்துட்டாரு, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. தங்கம் யாருக்குன்னா கஞ்ச்சாதேவுக்கு. ஹமேதிக்கு அளவுக்கு மீறி அடிச்சதுக்கு ஹன்சோகு குடுத்துட்டாங்க, அதாவது டிஸ்குவாலிஃபை. நிறைய பேர் இது நியாயமான்னு கேட்டாங்க. அந்த அடி அளவு மீறுச்சா இல்லையாங்கறது இன்னைக்கு வரைக்கும் விவாதம் தான், ஆனா அளவு மீறுனா என்ன தண்டனங்கறது ரூல்ல எழுதி இருந்துச்சு.

அப்போ எதுக்கு புரொடஸ்ட் பண்ணலாம்? ரூல் புக்குல எழுதி இருக்குறத மீறி நடந்தா பண்ணலாம். உதாரணத்துக்கு:

- ரெண்டு கொடி தூக்கியும் ரெஃப்ரி பாயிண்ட் அறிவிக்காம விட்டது.
- அறிவிச்ச பாயிண்ட் ஸ்கிரீன்ல வேற பக்கம் ஏறுனது, இல்ல ஏறவே இல்லாதது.
- டைம் தப்பு. 14 வயசுக்குக் கீழ ஒன்றரை நிமிஷம், கேடட் ஜூனியருக்கு (14ல இருந்து 17 வயசு வரைக்கும்) 2 நிமிஷம், சீனியருக்கு 3 நிமிஷம். சின்ன டோர்னமென்ட்ல எல்லாருக்கும் ஒரு நிமிஷம்னு குறைப்பாங்க, அத முன்னாடியே எழுதி அறிவிச்சிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது.
- சென்ஷு இருந்தும் அத கணக்குல எடுக்காதது. எதிராளி பாயிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடி முதல் பாயிண்ட் எடுத்தவங்களுக்கு சென்ஷு, ஸ்கோர் சமமா முடிஞ்சா அவங்க தான் ஜெயிச்சவங்க. ஆனா கடைசி 15 செகண்ட்ல சண்ட போடாம ஓடுறதுக்கு, பிடிச்சுக்கறதுக்கு வார்னிங் வாங்கிட்டா சென்ஷு போயிடும், இத பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

ஒரு விஷயம் சொல்லணும். எங்க மாஸ்டர் ஒரு ஞாயித்துக்கிழம கிளாஸ்ல அப்பா அம்மா நாலு பேர மூலைல உக்கார வெச்சு கையில கொடி குடுத்துட்டாரு. என் பொண்ணு தான் ஃபைட் பண்ணா, அவ விட்ட குத்து உள்ள போச்சு, எதிர் மூலைல இருந்தவங்க கொடி தூக்குனாங்க, நான் தூக்கல, ஏன்னா எனக்கு அவ முதுகு தான் தெரிஞ்சுது. பெத்தவ எனக்கே தெரியலன்னா மூலைல உக்காந்திருக்குற மனுஷன் என்ன பண்ணுவாரு? உங்க மாஸ்டர்கிட்டயும் ஒரு தடவ கேட்டுப் பாருங்க, அர மணி நேரம் கொடி பிடிச்சு உக்காந்தா நிறைய தெளிவாகும்.

அதுக்காக பாரபட்சமே இல்லன்னு சொல்லல. இருக்கு. சிலது தெரிஞ்சே பண்றது, சிலது அவங்களுக்கே தெரியாம நடக்குறது. 2008ல ஜெர்மனில 42 டேக்வாண்டோ ரெஃப்ரிங்களுக்கு ஃபைட் வீடியோ போட்டுக் காட்டுனாங்க, அப்புறம் அதே வீடியோல கம்ப்யூட்டர்ல சிவப்பையும் நீலத்தையும் மாத்திட்டு காட்டுனாங்க, ஆட்டம் ஒண்ணு தான், கலர் தான் வேற, ஆனா சிவப்புல இருந்தவங்களுக்கு 13 சதவீதம் அதிகமா பாயிண்ட் போயிருந்துச்சு. இத எல்லாம் ஃபார்ம்ல எழுதி ஜெயிக்க முடியாது. தெரிஞ்சே பண்றத மட்டும் ஓரளவு தடுக்கலாம், அதுவும் ஃபைட்டுக்கு முன்னாடி.

2. என்ட்ரி ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

நோட்டீஸ் வந்ததும் மாஸ்டர் "பணம் குடுங்க, பேர் குடுக்கணும்"னு கேப்பாரு. ரெண்டு நாள் டைம் கேளுங்க. நோட்டீஸ்ல இருக்குற நம்பருக்கு போன் போட்டு (மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு போடுங்க, இல்லன்னா அவருக்கு வருத்தமாயிடும்) இதெல்லாம் கேளுங்க: எந்த ரூல்ல நடக்குது, எந்த வருஷ ரூல்? ஒரு மேட்டுக்கு எத்தன ஜட்ஜ், நாலா ரெண்டா? ஜட்ஜுங்க வெளிய இருந்து வர்றாங்களா, இல்ல நடத்துறவங்களோட கிளாஸ் சீனியருங்களே உக்காருறாங்களா? புரொடஸ்ட்டுக்கு ஃபார்ம் உண்டா, ஃபீஸ் எவ்வளவு, வீடியோ பாப்பீங்களா?

கடைசி கேள்விக்கு "அதெல்லாம் பிரச்சன வராதுங்க"ன்னு பதில் வந்தா அங்க புரொடஸ்ட்டுக்கு ஏற்பாடு இல்லன்னு அர்த்தம். அங்க போகக் கூடாதுன்னு சொல்லல, அனுபவத்துக்காக போலாம், ஆனா தப்பு நடந்தா கேக்க இடம் இல்லன்னு தெரிஞ்சு போங்க. புள்ளகிட்டயும் அத முன்னாடியே சொல்லிடுங்க.

ஜட்ஜ் விஷயத்துல டபிள்யூகேஎஃப் ரூல் சொல்றது, ஃபைட் பண்ற ரெண்டு பேரோட நாட்டு ஃபெடரேஷன சேர்ந்தவங்க அந்த ஃபைட்டுக்கு ரெஃப்ரியாவோ ஜட்ஜாவோ இருக்கக் கூடாது. மாவட்ட டோர்னமென்ட்ல எல்லாரும் ஒரே ஊரு, அதனால அந்த ரூல் அப்படியே பொருந்தாது. ஆனா அதே நியாயத்துல, "எதிராளியோட கிளாஸ் மாஸ்டர் இந்த ஃபைட்டுக்கு கொடி பிடிக்கிறாரு, வேற ஆளுக்கு மாத்துங்க"ன்னு உங்க மாஸ்டர் மேட் பொறுப்பாளர்கிட்ட, டாடமி மேனேஜர்னு சொல்வாங்க, மரியாதையா கேக்கலாம். நாங்க ரெண்டு தடவ கேட்டோம், ரெண்டு தடவயும் மாத்திக் குடுத்தாங்க. ஃபைட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேட்டா இது வேண்டுகோள், தோத்த அப்புறம் கேட்டா புலம்பல்.

இன்னொண்ணு, ஓபன் டோர்னமென்ட் சர்ட்டிபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு பெரும்பாலும் எடுபடாது. அங்கீகாரம் உள்ள சங்கம் நடத்துற மாநில, தேசிய போட்டி, ஸ்கூல் கேம்ஸ், இந்த மாதிரி வழில வர்றது தான் கணக்கு. அதனால எந்த போட்டில கடைசி வரைக்கும் போராடணும், எதுல விட்டுட்டு டிபன் சாப்பிடப் போலாம்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

3. ஃபைலும் பணமும்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி கராத்தேக்குன்னே வெச்சுக்கோங்க. பர்த் சர்ட்டிபிகேட் ஒரிஜினல் ஒண்ணு ஜெராக்ஸ் மூணு, ஆதார் ஜெராக்ஸ், ஸ்கூல் போனஃபைட் (ஃபோட்டோ ஒட்டி அதுமேல ஹெச்எம் சீல் விழுந்திருக்கணும், இதுக்கு ஸ்கூல்ல மூணு நாலு நாள் ஆக்குவாங்க), பெல்ட் கிரேடிங் சர்ட்டிபிகேட், டாக்டர் ஃபிட்னெஸ் சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ ஆறு, என்ட்ரி ஃபீஸ் கட்டுன ரசீது. ரசீது கேட்டு வாங்குங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும்னு விட்டுராதீங்க.

வயசு ஃபைல் ஏன் முக்கியம்னா, எதிர்ல நிக்கிற புள்ள ஒரு தல உயரமா இருந்தா வயசு சரியான்னு கேக்கணும்னு தோணும். அப்போ அவங்க திருப்பி உங்க புள்ளையோட பேப்பர கேப்பாங்க. நம்ம பேப்பர் கையில இருந்தா தான் வாய் தொறக்க முடியும். வெயிட் போடும்போதும் கூடவே நின்னு நம்பர பாத்து எழுதிக்கோங்க.

எங்களுக்கு ஆன செலவு தோராயமா சொல்றேன். ஒரு ஈவென்ட்டுக்கு என்ட்ரி 800 ரூபா, கட்டாவும் (எதிராளி இல்லாம தனியா செஞ்சு காட்டுற அசைவு வரிசை) குமித்தேவும் சேர்த்தா 1200. ஃபிட்னெஸ் சர்ட்டிபிகேட் 200. புரொடஸ்ட் ஃபீஸ் நாங்க போன இடங்கள்ல 1000ல இருந்து 3000 வரைக்கும் இருந்துச்சு. இந்தப் பணம் டெபாசிட் மாதிரி, புரொடஸ்ட் ஏத்துக்கிட்டா திரும்ப வரும், தள்ளிட்டா வராது. ரொக்கமா கேப்பாங்க. ஹாலுக்குள்ள சிக்னல் இருக்காது, ஏடிஎம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அதனால ஒரு கவர்ல தனியா எடுத்து வெச்சு அத மாஸ்டர் கையில காலைலயே குடுத்துருங்க.

4. டை ஷீட்

காலைல ஆறரைக்கே போங்க. டை ஷீட், அதாவது யாரு யாரோட மோதணும்ங்கற அட்டவண, சுவத்துல ஒட்டுனதும் ஃபோட்டோ எடுத்துருங்க, மத்தியானத்துக்கு மேல அதுல பேனால அடிச்சு திருத்தி இருப்பாங்க. பேரு, வயசு, வெயிட் கேட்டகிரி சரியா இருக்கான்னு பாருங்க. நடத்துறவங்களோட புள்ளைங்களுக்கே வரிசையா பை (மோதாமலே அடுத்த ரவுண்டுக்குப் போறது) விழுந்திருந்தா குலுக்கல் எப்படி போட்டீங்கன்னு மாஸ்டர விட்டு கேக்கச் சொல்லுங்க. முதல் ஃபைட் ஆரம்பிச்சுட்டா இத யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

5. கோச் சேர்ல யாரு உக்காரப் போறாங்க

நாங்க தோத்தது இங்க தான். புரொடஸ்ட் பண்ற உரிம கோச்சுக்கும் அந்த டீமோட அதிகாரப்பூர்வ பிரதிநிதிக்கும் மட்டும் தான். அப்பா அம்மாவுக்கு கிடையாது, போட்டி போடுற புள்ளைக்கும் கிடையாது. ரெஃப்ரிகிட்டயோ ஜட்ஜுங்ககிட்டயோ நேரா போய் யாருமே தகராறு பண்ணக் கூடாதுன்னு ரூல்லயே இருக்கு, அப்படிப் பண்ணா உங்க புள்ளைக்கு தான் கெட்ட பேரு.

ஒரு கிளாஸ்ல இருந்து முப்பது புள்ளைங்க போவாங்க, மாஸ்டர் ஒருத்தர், மேட் நாலு. ஒரே நேரத்துல ரெண்டு மேட்ல ஃபைட் வரும், அப்போ சேர்ல ஒரு பிளாக் பெல்ட் அண்ணனையோ அக்காவையோ உக்கார வைப்பாரு. அந்த அண்ணனுக்கு கோச் ஐடி கார்டு இருக்கா? புரொடஸ்ட் எப்படி பண்றதுன்னு தெரியுமா? கையில பணம் இருக்கா? ஒரு வாரம் முன்னாடியே மாஸ்டர்கிட்ட இத கேளுங்க. எங்க கிளாஸ்ல இப்போ அப்பா அம்மா எல்லாம் சேர்ந்து பேசி மூணு சீனியருங்களுக்கு கோச் பாஸ் வாங்கிக் குடுக்குறோம், ஒரு பாஸ் 300 ரூபா, பிரிச்சுப் போட்டா ஆளுக்கு ஒண்ணும் பெருசா வர்றதில்ல.

6. வீடியோ

புள்ள மூஞ்சிய ஜூம் பண்ணி எடுக்குற வீடியோ ஸ்டேட்டஸ் வைக்கத்தான் ஆகும். புரொடஸ்ட்டுக்கு வேணும்னா மேட் முழுசும், கொடி தூக்குற ஜட்ஜ் குறைஞ்சது மூணு பேரும், ஸ்கோர் ஸ்கிரீனும் ஒரே ஃபிரேம்ல வரணும். ஸ்கிரீனுக்கு எதிர் மூலைல கொஞ்சம் உயரமான இடம் பிடிங்க. ஃபோன படுக்க வெச்சு எடுங்க. பேர் கூப்பிடுறதுல இருந்து வெற்றி அறிவிக்கிற வரைக்கும் நிறுத்தாம எடுக்கணும், நடுவுல கட் ஆனா "எடிட் பண்ணது"ம்பாங்க. முக்கியமா, எடுக்குறவங்க கத்தக் கூடாது. கத்துனா கை ஆடுது, ரெஃப்ரி சொல்றதும் கேக்க மாட்டேங்குது.

பெரிய போட்டிங்கள்ல அதிகாரப்பூர்வ வீடியோ ரிவ்யூ இருக்கும், கோச் கையில ஒரு கார்டு குடுப்பாங்க, பாயிண்ட் விட்டுப்போச்சுன்னு தோணுனா அத தூக்கிக் காட்டலாம், தப்பாப் போனா கார்டு போயிடும். அது இருக்குற இடத்துல மட்டும் தான் "பட்டுச்சு, குடுக்கல"ங்கறத கேக்க வழி உண்டு. நம்ம மாவட்ட லெவல்ல அத எதிர்பாக்காதீங்க. நம்ம ஃபோன் வீடியோவ பாக்குறதும் பாக்காததும் நடத்துறவங்க இஷ்டம், அதனால தான் ரெண்டாவது படிலயே கேட்டு வைக்கச் சொன்னேன்.

டேக்வாண்டோ புள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்த, உங்க ரூல் வேற, உடம்புல போடுற எலக்ட்ரானிக் கவசம் உண்டு, ஆனா வீடியோவோட பலம் ஒண்ணு தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல பிரிட்டனோட சாரா ஸ்டீவன்சன் சீனாவோட சென் சோங்க தலைல உதைச்சாங்க, பாயிண்ட் ஏறல, தோத்துட்டதா அறிவிச்சாச்சு. அவங்க டீம் முறைப்படி புரொடஸ்ட் குடுத்து, வீடியோவ பாத்து, அதே நாள்ல ரிசல்ட்ட மாத்துனாங்க. அந்த ஊர்க்காரங்க கூட்டம் நிறைஞ்ச ஹால்ல, அந்த ஊர் சாம்பியனுக்கு எதிரா.

7. ஃபைட் நடக்கும்போது

ஒருத்தர் வீடியோ, ஒருத்தர் ஸ்கோர். ஸ்கோர் பாக்குறவங்க ஒரு சின்ன நோட்ல ரெஃப்ரி கை எந்தப் பக்கம் எந்த உயரத்துல போச்சுன்னு கோடு போட்டுட்டே வரணும், ஒவ்வொரு தடவயும் ஸ்கிரீன பாக்கணும்.

ஸ்கோர் மாறி ஏறுனா, டைமர் ஓடாம நின்னா, இதெல்லாம் நிர்வாகக் கோளாறு. இதுக்கு ஃபைட் முடியிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, கண்ணுல பட்ட உடனே கோச் டாடமி மேனேஜர்கிட்ட சொல்லணும். அங்கயே திருத்திடுவாங்க, காசும் இல்ல, ஃபார்மும் இல்ல. எங்களுக்கு நடந்தது இது தான், ஒரு கை தூக்கி "சார், ஸ்கோர் மாறி இருக்கு"ன்னு சொல்லி இருந்தா பத்து செகண்ட்ல சரியாகி இருக்கும். நீங்க கேலரில இருந்தா கோச்சுக்கு எப்படி சொல்றதுன்னு ஒரு சைகை பேசி வெச்சுக்கோங்க, நாங்க மஞ்ச கலர் டவல காட்டுவோம்.

8. அந்தப் பத்து நிமிஷம்

ஃபைட் முடிஞ்ச நொடில இருந்து கணக்கு ஓடுது.

முதல் 1 நிமிஷத்துக்குள்ள "புரொடஸ்ட் பண்றோம்"னு கோச் அறிவிக்கணும். அழுற புள்ளைய சமாதானப்படுத்துறது, மாஸ்டர தேடுறது, எல்லாம் இந்த ஒரு நிமிஷத்த தின்னுரும். புள்ளைய நீங்க பாத்துக்கோங்க, கோச் டேபிளுக்குப் போகட்டும்.

அடுத்த 4 நிமிஷத்துல ஃபார்ம வாங்கி, எழுதி, கையெழுத்து போட்டு, பணத்தோட டாடமி மேனேஜர்கிட்ட குடுக்கணும். அவரு அத அப்பீல் ஜூரிகிட்ட, அதாவது புரொடஸ்ட்ட விசாரிக்கிற குழுகிட்ட, குடுப்பாரு.

ஜூரி 5 நிமிஷத்துல முடிவு சொல்லணும். சின்ன போட்டில இது அர மணி நேரம் இழுக்கும், பரவால்ல, நாம நம்ம அஞ்சு நிமிஷத்த தாண்டாம இருந்தா போதும்.

ஃபார்ம்ல என்ன எழுதுறது? ரெண்டு போட்டியாளர் பேரு, அந்த ஃபைட்ட நடத்துன ரெஃப்ரி, ஜட்ஜுங்க பேரு, எந்த ரூல மீறி என்ன நடந்துச்சு. பொதுவா புகார் எழுதுனா வாங்கவே மாட்டாங்க. "ஜட்ஜ் ஒரு பக்கமா இருந்தாங்க", "ரெஃப்ரி சரியில்ல", "காலைல இருந்தே இப்படித்தான் நடக்குது" இதெல்லாம் செல்லாது. நிரூபிக்கிற பொறுப்பும் நம்மளுது தான். இந்த மாதிரி எழுதணும்:

"மேட் 2, 12-13 வயது பெண்கள் குமித்தே, இரண்டாவது சுற்று. முதல் யூகோ சிவப்புக்கு அறிவிக்கப்பட்டு சென்ஷு குறிக்கப்பட்டது. ஆட்டம் 2-2 என முடிந்தது. கடைசி 15 வினாடியில் சிவப்புக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. சென்ஷு இருக்கும்போது ஹந்தேய் கேட்டு நீலம் வென்றதாக அறிவித்தது விதிக்கு முரண். வீடியோ உள்ளது."

இது உண்மையா இந்த ஜனவரில நாங்க குடுத்தது. (ஹந்தேய்னா ஸ்கோர் சமமா இருக்கும்போது யாரு ஜெயிச்சதுன்னு ஜட்ஜுங்க கொடி காட்டி முடிவு பண்றது.) எங்க கிளாஸ்ல இன்னொரு பொண்ணோட ஃபைட். சேர்ல இருந்த அக்கா கைய தூக்கிட்டு நேரா டேபிளுக்குப் போனா, கவர்ல இருந்து 2000 ரூபாய எடுத்து வெச்சா, ஒரு வார்த்த சத்தமா பேசல. ஜூரில மூணு பேரு வந்து எங்க வீடியோவுல ஸ்கிரீன் தெரியுற இடத்த நிறுத்தி நிறுத்தி பாத்தாங்க. இருபது நிமிஷம் கழிச்சு ரெஃப்ரி ரெண்டு புள்ளைங்களையும் திரும்ப மேட்டுக்கு கூப்பிட்டு கைய சிவப்புப் பக்கம் தூக்குனாரு. பணமும் திரும்ப வந்துச்சு. அந்த ரெஃப்ரி அப்புறம் எங்ககிட்ட வந்து, "மன்னிச்சுக்கோங்க, சென்ஷு மார்க்க நான் கவனிக்கல"ன்னு சொன்னாரு. அத்தன பேர் முன்னாடி அப்படி சொல்ல மனசு வேணும்.

அந்த சில வரி எழுதுறதுக்கு நாலு நிமிஷம் பத்தியும் பத்தாம தான் இருந்துச்சு, தெரியுமா. அதனால இப்போ ஃபார்ம் மாதிரி ஒண்ணு டைப் பண்ணி, மேட் நம்பர், கேட்டகிரி, பேரு எல்லாத்துக்கும் கோடு விட்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கோம். ஃபைட்டுக்கு கூப்பிட்டதும் மேல பாதிய நிரப்பிடுவோம். ஜட்ஜுங்க பேரு அவங்க கழுத்துல தொங்குற கார்டுல இருக்கும், ஃபோன்ல ஜூம் பண்ணா படிக்கலாம். அவங்க ஃபார்ம்ல தான் எழுதணும்னாலும் பாத்து எழுத ஈஸியா இருக்கும்.

9. கட்டாவுக்கு

இங்க சொல்ல பெருசா இல்ல. நம்ம ஊர்ல மூணோ அஞ்சோ ஜட்ஜ், விசில் அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கொடி தூக்குவாங்க, எது அதிகமோ அது ஜெயிச்சுது. டோக்கியோ ஒலிம்பிக்ல ஏழு ஜட்ஜ் மார்க் போட்டு, மேல ரெண்டு கீழ ரெண்டு மார்க்க தூக்கிட்டு மிச்சத்த தான் கூட்டுனாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் ஒரு பக்கம் சாஞ்சாலும் ரிசல்ட் மாறக் கூடாதுன்னு. நமக்கு அந்த பாதுகாப்பு இல்ல. கொடி விழுந்தத எதிர்த்து புரொடஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல. நீங்க கவனிக்க வேண்டியது, கொடி ஒரே நேரத்துல போகுதா, பக்கத்து ஆள பாத்துட்டு லேட்டா தூக்குறாங்களா, புள்ள சொன்ன கட்டா பேரு தான் செஞ்சதா. சொன்னது ஒண்ணு செஞ்சது ஒண்ணுன்னா டிஸ்குவாலிஃபை, பதட்டத்துல சின்னப் புள்ளைங்க இத நிறைய பண்ணுதுங்க.

10. முடிவு வந்த அப்புறம்

தள்ளிட்டாங்கன்னா அன்னைக்கு அத்தோட சரி. ஃபார்ம் காப்பி ஒண்ணு, ஃபீஸ் ரசீது ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்க. மாவட்ட சங்கத்துக்கோ மாநில சங்கத்துக்கோ எழுதுறதா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள மாஸ்டர் கையெழுத்தோட, வீடியோவ பென்டிரைவ்ல போட்டு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. ரிசல்ட் மாறும்னு நெனச்சு அனுப்பாதீங்க, அடுத்த தடவ அந்த ஆள ஜட்ஜா போடுறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க. வீடியோவ ஃபேஸ்புக்ல போடாதீங்க, எதிர்ல நின்னதும் ஒரு புள்ள தான, அது மூஞ்சியும் அதுல இருக்கு.

புள்ளகிட்ட அன்னைக்கே "உன்ன ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்லிடாதீங்க. என் பொண்ணுகிட்ட நான் அப்படித்தான் சொன்னேன், அதுக்கப்புறம் ரெண்டு டோர்னமென்ட்ல அவ எதிராளிய பாக்குறத விட்டுட்டு கொடியவே பாத்துட்டு நின்னா, அதுலயே அடி வாங்குனா. இப்போ வீடியோவ சேர்ந்து உக்காந்து பாக்குறோம், ரெண்டு கொடி போன அடி எது, ஒரு கொடி போனது எது, அந்த ரெண்டாவது ஜட்ஜுக்கு அது ஏன் தெரியலன்னு அவளே நிறுத்தி நிறுத்தி சொல்றா.

கடைசியா, மெடல் வாங்குனாலும் வாங்கலன்னாலும் கிளம்புறதுக்கு முன்னாடி சர்ட்டிபிகேட்ல பேரு ஸ்பெல்லிங், இனிஷியல், பொறந்த தேதி, கேட்டகிரி எல்லாத்தையும் பர்த் சர்ட்டிபிகேட்டோட வெச்சு ஒத்துப் பாருங்க. அன்னைக்கு சாயந்தரம் அதே டேபிள்ல காசு இல்லாம மாத்திக் குடுப்பாங்க. மறுநாள்னா லெட்டர் எழுதணும், எங்களுக்கு ஒரே ஒரு இனிஷியல மாத்த ஏழு வாரம் ஆச்சு.